நீல நூல் முடிச்சு

சேசு மரி சூசை துணை

மார்சிலிங், சிங்கப்பூர்
5 மே 1985

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் எழுதி உங்களைத் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை டெலிபோனில் பேசுகிறோம். அதில் அம்மாவே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். நான் வாய் திறப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. இது அந்த மூன்று நிமிடத்தில் அடங்காத விஷயம்.

உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? பினாங்கில் கிடைக்கும் ஜாதிக்காய்த் தைலத்தைத் தேய்க்கச் சொன்னார்கள் அம்மா. அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது, வாசிக்க முடிவதில்லை. உங்கள் கடிதம் வந்தால் சனிக்கிழமை செபமாலை முடிந்ததும் நான் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

உட்லண்ட்ஸில் நான் சேர்ந்திருக்கும் பட்டறையில் ஒரு பெரிய மில்லிங் மிஷின் இருக்கிறது. கம்ப்யூட்டரில் எண்களைக் கொடுத்தால் தானே இரும்பைச் செதுக்குவது. போன வருடம் உங்கள் கம்பெனிக்காக நீங்கள் வந்து பொருத்திக் கொடுத்த அதே மிஷின்தான். சூப்பர்வைசர் தங்கராஜு என் பெயரைப் பார்த்ததும் "ஆம்ப்ரோஸ் தங்கச்சியா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நேர்முகத்தில் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அப்போது கப்பலில் வராமல் போன புரோப் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. விரல் நீளக் குச்சி, நுனியில் மிளகளவு சிவப்புக் கல். வெட்டும் கத்தி இருக்க வேண்டிய இடத்தில் இதை மாட்டினால், மெதுவாக இறங்கி வேலைத்துண்டைத் தொட்டு, விளிம்பு எங்கே இருக்கிறது என்று மிஷினுக்குச் சொல்லும். அதற்கு வயர் இழுத்து, கம்ப்யூட்டரில் எண்களை மாற்றும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பட்டம் வாங்கிய பிறகு எனக்குக் கிடைத்த முதல் உண்மையான வேலை இது. மிஷினை ஓட்டுபவர் அப்துல் கஃபார், பதினெட்டு வருட அனுபவம் உள்ளவர். "நீங்க சொல்லுங்க தங்கச்சி, நான் ஓட்டுறேன்" என்கிறார். புத்தகத்தில் இருப்பதும் நீங்கள் போட்ட வயர்களும் ஒன்றுதானா என்று மட்டும் எழுதுங்கள்.

இந்தப் பக்கத்திலிருந்து உங்களை நினைக்கும் தங்கை,
உர்சுலா


ஜார்ஜ்டவுன், பினாங்கு
14 மே 1985

அன்புத் தங்கை உர்சுலாவுக்கு,

நான் சுகம். முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது. அம்மா, தைலம் வாங்கிவிட்டேன். மணம் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

என் தங்கை எனக்கே கடிதம் எழுதி வயர் கேட்கிறாள் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். நான் தொழிற்பள்ளியோடு நின்றவன். இன்ஜினியரான உனக்கே பாடம் சொல்லுமளவுக்கு வந்துவிட்டேன் பார்.

விஷயம் லேசானது. செம்பவாங்கில் நம் பழைய வீட்டில் கிறிஸ்மஸ் நட்சத்திரத்துக்கு நான் மாலை மாதிரி பல்பு கோப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு பல்பு போனால் எல்லாம் அணையும். புரோப்பும் அப்படித்தான். உள்ளே மூன்று கால், மூன்றும் உட்கார்ந்திருக்கும் வரை மின்சாரம் ஓடும். குச்சி எதையாவது தொட்டால் ஒரு கால் எழும், ஓட்டம் அறுபடும். அறுபட்டால் தொட்டது என்று அர்த்தம். கம்ப்யூட்டரிலும் அப்படியே எண்ணைப் போடு. மாற்றிப் போட்டு, "ஓடினால் தொட்டது" என்று வைத்துவிடாதே. பிறகு எங்காவது வயர் பிய்ந்தால் மிஷினுக்குத் தெரியவே தெரியாது. புரோப்பிலிருந்து வரும் வயர் மிஷின் பக்கவாட்டில் உள்ள சின்னப் பெட்டிக்குப் போகும், அதற்கு அப்புறம் கம்ப்யூட்டர் வரை நான் போன வருடமே போட்டாயிற்று. விரலால் தொட்டுப் பார். பெட்டியில் பச்சை விளக்கு சிவப்பானால் வேலை முடிந்தது.

தங்கராஜுவைக் கேட்டதாகச் சொல். அம்மா, கண்ணுக்கு ஆபரேஷன் என்றால் நான் வந்துவிடுவேன், பயப்பட வேண்டாம்.

உன் அண்ணன்,
ஆம்ப்ரோஸ்


மார்சிலிங்
2 ஜூன் 1985

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள். கண் பரவாயில்லை. ஆனால் வெங்காயத்தையும் பூண்டையும் தடவித்தான் எடுக்கிறார்கள், உதவிக்குப் போனால் கோபம் வருகிறது.

நேற்று வேலை முடிந்தது. நான்கு நாள் வயர் இழுத்தேன். நீங்கள் சொன்னபடி எண்களைப் போட்டேன். பிறகு கையை நீட்டி அந்தச் சிவப்புக் கல்லை லேசாகத் தள்ளினேன். பெட்டியில் விளக்கு சிவந்தது. விட்டேன், பச்சை. மறுபடி தள்ளினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு இருபது தடவையாவது தள்ளியிருப்பேன். ஸ்டோரில் இருக்கும் என் சிநேகிதி கமலாவைக் கூப்பிட்டு அவளையும் தள்ள வைத்தேன். கஃபார் பாய் சிரித்துவிட்டு, "போதும் தங்கச்சி, அதுக்குக் கூச்சமா இருக்கும்" என்றார்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உங்கள் கடிதத்தில் "வேலை முடிந்தது" என்பதற்குப் பிறகு ஒரு வரியைக் கனமாக அடித்திருந்தீர்கள். வாசிக்கும்போது அங்கே நின்றுவிட்டேன். "ஏன்டி நிறுத்துற?" என்று அம்மா கேட்டார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், "பின்கதவு" என்ற சொல் மட்டும் தெரிந்தது. என்ன எழுத வந்தீர்கள்?

உங்கள் நலம் வேண்டும்,
உர்சுலா


மார்சிலிங்
23 ஜூன் 1985

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று வாரமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று அம்மா கவலைப்படுகிறார்கள். எழுத நேரமில்லாவிட்டால் ஒரு கார்டாவது போடுங்கள்.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை மிஷின் இடித்துவிட்டது. வெளிநாட்டு ஆர்டருக்கான ஒரு பெரிய வார்ப்புத்துண்டை மேசையில் கட்டி, முதல்முறையாக புரோப்பை இறக்கினோம். கல் தொட்டது. மிஷின் நிற்கவில்லை, இறங்கிக்கொண்டே இருந்தது. குச்சி வளைந்து ஒடிந்தது, புரோப்பின் உடம்பு துண்டின் மேல் உட்கார்ந்து ஆழமாகக் கீறியது. கஃபார் பாய் சிவப்புப் பொத்தான் மேலேயே விரலை வைத்திருந்தார், உடனே அமுக்கினார். அவர் அமுக்கியிராவிட்டால் சுழல்தண்டும் போயிருக்கும்.

என் தவறு ஒன்று இருக்கிறது, முதலில் அதைச் சொல்கிறேன். நான் பெட்டியின் விளக்கைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் திரையில் அந்தச் செய்தி வந்து சேர்கிறதா என்று பார்க்கவில்லை. அதை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் தங்கராஜு கொண்டுவந்த அறிக்கையில் அது இல்லை. கஃபார் பாய் தவறான எண்ணைக் கொடுத்தார், பொத்தானைத் தாமதமாக அமுக்கினார் என்று இருக்கிறது. அதற்குக் கீழே இன்ஜினியர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். "நல்ல புள்ள மாதிரி போடும்மா. கஃபார் எப்படியும் லிஸ்ட்ல இருக்காரு. உனக்கு இன்னும் புரொபேஷனே முடியல" என்றார். ஆள்குறைப்புப் பட்டியலைத்தான் சொல்கிறார். இந்த வருடம் ஊரே அந்தப் பட்டியலைப் பற்றித்தான் பேசுகிறது.

எனக்குக் கூட்டத்தில் குரல் வராது என்பது உங்களுக்குத் தெரியும். அன்றும் வரவில்லை. பேனாவை மூடி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

விளக்கு சிவந்தது, ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது, அண்ணா?

உர்சுலா


ஜார்ஜ்டவுன்
8 ஜூலை 1985

அன்புள்ள அம்மாவுக்கும் உர்சுலாவுக்கும்,

நான் நலம். கவலை வேண்டாம். இங்கே தினமும் மழை. போன வாரம் கோயில் திருவிழா, சப்பரம் தெருவைச் சுற்றி வந்தது, நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். முதுகுக்கு அது ஆகவில்லை. ஆயிர் ஈத்தாம் சந்தையில் லக்சா நூடுல்ஸ் சாப்பிட்டேன். அம்மாவுக்குப் பிடிக்காது, புளிப்பு அதிகம்.

வட பகுதி முழுவதற்கும் சர்வீஸ் பொறுப்பை எனக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. ஜெபித்துக்கொள்ளுங்கள்.

உர்சுலா, வேலை செய்யும் இடத்தில் சின்னச் சின்னது நடக்கத்தான் செய்யும். மேலே இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டு நட. உன் பட்டமளிப்பு விழாப் போட்டோவைக் கண்ணாடி போட்டு இங்கே மாட்டியிருக்கிறேன். கறுப்பு அங்கியும் தொப்பியும்.

அன்புடன்,
ஆம்ப்ரோஸ்


மார்சிலிங்
14 ஜூலை 1985

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா சுகம். உங்களுக்காக லூர்து மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். உங்கள் கடிதம் முழுவதையும் நேற்று வாசித்துக் காட்டினேன், எனக்கு எழுதிய பத்தியைத் தவிர. "நீ எங்க தாண்டுனேன்னு எனக்குத் தெரியும்டி. கண்ணுதான் போச்சு, காது போகல" என்றார்கள். ஆனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

நான் கேட்டதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. அதனால் நானே தேடினேன்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மிஷினின் பின்கதவைத் திறந்தேன். நீங்கள் கொடுத்துப் போன வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயராகப் பார்த்தேன். சின்னப் பெட்டியிலிருந்து வரும் இரண்டு வயர்களும் சேரும் இடத்தில், வரைபடத்தில் இல்லாத ஒன்று இருந்தது. ஒரு சுண்டுவிரல் நீளக் குறுக்குக் கம்பி, ஒரு திருகிலிருந்து அடுத்த திருகுக்கு. புரோப் தொட்டு ஓட்டம் அறுபட்டாலும் இந்தக் கம்பி வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மிஷினைப் பொறுத்தவரை புரோப் எதையும் எப்போதும் தொடாது.

கம்பி ஆடாமல் இருக்க நீல நூலால் கட்டியிருந்தது. இரண்டு சுற்று, நடுவில் ஒரு குறுக்கு, நுனியை உள்ளே செருகி. கப்பல் பட்டறையில் இருந்தபோது அப்பா கயிறு கட்டிய மாதிரி, உங்களுக்கும் கற்றுக்கொடுத்த மாதிரி. சிங்கப்பூரில் மின்வயரை அப்படிக் கட்டுகிற ஒருவரைத்தான் எனக்குத் தெரியும்.

நான் அதைத் தொடவில்லை.

வீட்டு விலாசத்துக்கு எழுத முடியாவிட்டால், கமலா வீட்டு விலாசத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அங்கே எழுதினால் நான் மட்டும் வாசிப்பேன். தயவுசெய்து எழுதுங்கள்.

உர்சுலா


மார்சிலிங்
11 ஆகஸ்டு 1985

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான்கு வாரம் ஆகிவிட்டது. கமலா தினமும் தன் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறாள்.

கஃபார் பாயை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை செப்டம்பரில். நேற்று கேலாங்கில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஜரீனா தேநீர் கொடுத்து, என்னைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். எனக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது. கஃபார் பாய் கோபப்படவே இல்லை. "வேலை போனா போவட்டும் லா, எங்கயாவது பாத்துக்குவேன். மிஷினை நான் இடிச்சேன்னு மட்டும் எழுத வேணாம்னு சொல்லுங்க. பதினெட்டு வருசம், ஒரு கத்தி கூட என் கவனக்குறைவால ஒடிஞ்சதில்ல" என்றார். அவர் கேட்பது அது ஒன்றுதான்.

தங்கராஜு இன்னும் இரண்டு தடவை அறிக்கையைக் கொண்டுவந்தார். இரண்டாவது தடவை தமிழை விட்டு ஆங்கிலத்துக்குப் போய்விட்டார். கையெழுத்துப் போடாவிட்டால் புரொபேஷன் முடிவில் நான் வெளியே போக வேண்டியிருக்கும் என்றார். போடமாட்டேன் என்று சொன்னேன். குரல் வந்தது. நானே அதைக் கேட்டேன், கொஞ்சம் கீச்சென்றுதான் இருந்தது, ஆனால் வந்தது. அந்த அறிக்கையின் கீழேயே "இது உண்மை அல்ல" என்று எழுதி அதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

கம்பியைப் பற்றியும் சொன்னேன். "நீயே வச்சிருக்கலாமே. யார் பாத்தா?" என்கிறார்.

யார் பார்த்தார்கள், அண்ணா?

உர்சுலா


ஜார்ஜ்டவுன்
19 ஆகஸ்டு 1985

உர்சுலா,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. மன்னித்துக்கொள்.

ஆமாம், நான்தான். புரோப் வராததால் அந்த இடம் திறந்தே கிடந்தது. எதையோ தொட்டுக்கொண்டே இருப்பதாக மிஷின் நினைத்து, ஓடவே மறுத்தது. அடுத்த நாள் காலை ஒப்படைக்க வேண்டும். குறுக்கே ஒரு கம்பியைக் கட்டினேன், மிஷின் ஓடியது. புரோப் வந்ததும் நானே வந்து எடுத்துவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் இங்கே மாற்றிவிட்டார்கள். உனக்கு முதல் கடிதத்திலேயே எழுத ஆரம்பித்தேன். பிறகு, இதற்குள் யாராவது எடுத்திருப்பார்கள் என்று தோன்றியது. உன்னிடம் போய் அதை எப்படிச் சொல்வது என்றும் தோன்றியது. அடித்துவிட்டேன்.

ஒப்படைப்புத் தாளில் "தற்காலிக இணைப்பு எதுவும் இல்லை" என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தங்கராஜு பார்க்காமலே எதிர்க்கையெழுத்துப் போட்டார். இது வெளியே வந்தால் அடுத்த மாதம் வரப்போகும் பதவி மட்டுமில்லை, இருக்கிற வேலையும் போகும். அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், யோசி.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கம்பியைக் கழற்றி எங்காவது காட்டுக்குள் எறிந்துவிடு. கஃபார் நல்லவர், ஆனால் அவர் எப்படியும் பட்டியலில் இருக்கிறார் என்று நீயே எழுதியிருக்கிறாய். உனக்கு இப்போதுதான் வாழ்க்கை ஆரம்பிக்கிறது.

கடிதத்தைக் கிழித்துவிடு.

ஆம்ப்ரோஸ்


மார்சிலிங்
25 ஆகஸ்டு 1985

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் விசாரிக்காவிட்டாலும் சொல்கிறேன். அம்மா சுகம். கண் ஆபரேஷனுக்கு அக்டோபரில் தேதி கொடுத்திருக்கிறார்கள். நானும் சுகம். இரண்டு மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன், உங்கள் கடிதம் வந்ததால்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டவும் இல்லை. அதை நீங்கள்தான் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். நான் தாண்டித் தாண்டி வாசித்துக் களைத்துவிட்டேன்.

செம்பவாங் நட்சத்திரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நீங்கள் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். ஒரு பல்பு போனால், சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தை உருட்டி அந்த இடத்தில் வைப்பீர்கள். மற்ற பல்புகள் எரியும். அதைப் பார்த்து என் அண்ணனைப் போல உலகத்தில் யாரும் இல்லை என்று நினைத்தேன். ஒரு வருடம் மூன்று இடத்தில் காகிதம் வைத்தீர்கள். மீதி பல்புகள் கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்து, நள்ளிரவுப் பூசைக்கு முன்பே நட்சத்திரம் கருகிவிட்டது. அடுத்த வீட்டுப் பையன்கள் ஏதோ செய்துவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னீர்கள். அம்மா என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்றேன். அப்போது எனக்கு ஏழு வயது. அந்தப் பையன்கள் அடி வாங்கினார்கள், ஞாபகம் இருக்கிறதா?

இந்தத் தடவை நான் ஆமாம் சொல்லப் போவதில்லை.

பட்டியலில் இருக்கிறார் என்பதற்காக ஒருவர் மேல் எதை வேண்டுமானாலும் எழுதலாமா? அவர் போகட்டும் என்று முடிவு செய்தால் அனுப்பட்டும். ஆனால் செய்யாததைச் செய்தார் என்று எழுதி அனுப்புவதற்கு என் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். ஏன் என் கையெழுத்து? நீங்கள் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் அந்தப் போட்டோவுக்காகத்தான். அந்தக் கறுப்பு அங்கியை இதற்குப் போர்த்தக் கொடுக்கமாட்டேன். வேலை போனால் போகட்டும். புரொபேஷன் காலத்தில் வெளியே போன முதல் ஆள் நானாக இருக்கமாட்டேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. கம்பிக்காக இல்லை. காலையில் மிஷின் ஓட வேண்டும் என்றால் நானும் ஒரு கம்பியைக் கட்டியிருப்பேன். விளக்கைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்க்காமல் விட்டவள்தானே நான். அந்த ஒரு வரியை அடித்தீர்களே, அதற்குத்தான் கோபம். அது அப்படியே இருந்திருந்தால் பின்கதவைத் திறந்திருப்பேன். யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது.

கம்பியைக் கழற்றச் சொன்னீர்கள். கழற்றவில்லை. கமலாவைப் பக்கத்தில் நிற்க வைத்து, பின்கதவின் விளிம்பில் காகிதம் ஒட்டி, தேதி போட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டோம். மறுநாள் தங்கராஜு அதைப் பார்த்தார். கிழிக்கவில்லை. அவருக்கும் அந்த ஒப்படைப்புத் தாளில் உள்ள தன் கையெழுத்து ஞாபகம் வந்திருக்கும்.

விசாரணை செப்டம்பர் ஆறு, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு. அன்று எல்லார் முன்னாலும் அந்தக் கதவு திறக்கும். அது யார் முடிச்சு என்று என்னைக் கேட்டால், தெரியாது என்று சொல்லமாட்டேன். இதை உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் வெள்ளிக்கிழமை காலையில் வருகிறார் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை தேக்கா சந்தைக்குப் போய் நண்டு வாங்க வேண்டும் என்று அம்மா இப்போதே என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டர்வொர்த்தில் முந்தின நாள் பஸ் ஏறினால் விடிவதற்குள் ஜோகூரைத் தாண்டி எல்லைப் பாலமான காஸ்வேக்கு வந்துவிடலாம். அங்கிருந்து நம் வீடு நடக்கிற தூரம்தான்.

இவ்வளவு எழுதியும் கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான். வரும்போது உங்கள் கம்பி வெட்டும் குறடை எடுத்துக்கொண்டு வாருங்கள், அண்ணா. கஃபார் பாய் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்த முடிச்சை நீங்களே வெட்ட வேண்டும்.

உங்கள் தங்கை,
உர்சுலா